சூரியன் பொது, கூரை யாருடையது?

சென்ற திங்கள் நம் மன்றத்தில் நடந்த சொற்போரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 'மின்சார வண்டியும் சூரிய மின்சாரமுமே நாட்டின் வருங்காலம்' என்பது தலைப்பு. ஒட்டிப் பேசியவர் மூவர். வெட்டிப் பேசியவர் மூவர். ஒட்டிப் பேசிய நண்பர் ஒருவர் பெட்ரோலைப் 'புகை கக்கும் பூதம்' என்றார். வெட்டிப் பேசிய தோழி எழுந்து, 'பூதம் சாகவில்லை. கொச்சியிலிருந்து நெய்வேலிக்குக் குடிமாறியிருக்கிறது, அவ்வளவுதான்' என்றார். கையொலி அடங்க வெகுநேரமாயிற்று. முடிவில் ஒட்டிப் பேசியவர்களுக்கே வெற்றி என்று நடுவர் தீர்ப்பளித்தார். நானும் கைதட்டினேன். தீர்ப்பு தவறு என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அன்று ஆறு பேரும் கேளாமல் விட்ட ஒரு கேள்வியைக் கேட்கவே எழுதுகிறேன்.

அந்தக் கேள்வி என் மூளையில் உதித்ததன்று. என் தாய் கேட்டது. நான் மூணாற்றை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன். பிழைப்புத் தேடி மலையேறிய குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, கடைவீதியில் ஒரு மாடிவீட்டின்மேல் சூரியத் தகடுகள் பளபளப்பதை அம்மா நின்று பார்த்தார். 'அது எதுக்குப்பா?' என்றார். வெயில் மின்சாரமாவதையும், வீட்டுக்குப் போக மிஞ்சியது வாரியத்தின் கம்பிக்குப் போவதையும், அதற்கு அரசு பணம் தந்து உதவுவதையும் நான் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: 'அப்போ நம்ம வீட்டு மேலயும் வைக்கலாமா?'

என்னால் மறுமொழி சொல்ல இயலவில்லை. ஏனெனில் அது எங்கள் வீடன்று, தோட்டத்து வீடு. வேலை உள்ளவரை குடியிருக்கலாம்; ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். மழையில் கூரை ஒழுகினால், அதைச் சீர் செய்யவும் அலுவலகத்தில் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட கூரையின்மேல் இருபத்தைந்து ஆண்டு உழைக்கக்கூடிய தகட்டை யார் வைப்பது? யார் வைக்க விடுவது?

2024 பிப்ரவரியில் நடுவண் அரசு 'பி.எம். சூர்ய கர்' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சூரியத் தகடு அமைப்பது அதன் இலக்கு. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 என மானியம் கிடைக்கிறது. நல்ல திட்டம், மனமார வரவேற்கிறேன். ஆனால் விண்ணப்பிப்பவர் தகட்டுக்கு ஏற்ற கூரையுள்ள வீட்டுக்கு உரிமையாளராக இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும் என்பார்கள் பெரியோர். இங்கே சூரியன் வரம் கொடுத்துவிட்டான். கூரைதான் இடம் கொடுக்கவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கேரளத்தில் நீரிலிருந்து மின்சாரம் எடுத்த முதற்பெருந்திட்டம் எது தெரியுமா? எங்கள் பள்ளிவாசல்தான். திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில், 1940ஆம் ஆண்டில், முதிரப்புழை ஆற்று நீரைக் குழாய்களில் இறக்கி அங்கே மின்சாரம் எடுத்தார்கள். அந்தக் குழாய்கள் மலைச்சரிவில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் நாங்கள் பள்ளிக்கூடம் போனோம். அங்கே பிறந்த மின்சாரம் கம்பியேறிக் கீழ்நாட்டு நகரங்களுக்குச் சென்றது. எங்கள் பாட்டியோ அந்தக் கம்பிகளுக்குக் கீழே, மண்ணெண்ணெய் விளக்கில்தான் என் தந்தையை வளர்த்தார். எங்கள் லயத்துக்கு விளக்கு வர எத்தனையோ ஆண்டுகள் ஆயின. விளக்கின் அடியில் இருட்டு என்பது எங்களுக்குப் பழமொழியன்று. வாழ்ந்து பார்த்த செய்தி.

ஆகவே, 'புதிய மின்சாரம் வருகிறது' என்று யாராவது சொன்னால், மலைக்காரனுக்கு உடனே தோன்றும் கேள்வி, 'யாருக்கு வருகிறது?' என்பதே. சொற்போரில் கேளாமல் விடப்பட்ட கேள்வி இதுதான்.

இருந்தாலும் அன்றைய வாதங்களையும் நாம் நேர்மையாக எடைபோட வேண்டும். மாற்றமே வேண்டா என்பவன் அல்லன் நான். மாற்றம் எங்கள் மலைக்குப் புதிதுமன்று. 1902இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுக்கும் வண்டி ஓடியது. 1908இல் அது நீராவி இரயிலாயிற்று. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட ஊர்தியில் தேயிலை கீழே கொட்டகுடிப் பக்கம் இறங்கிப் போடிநாயக்கனூர் போய்ச் சேர்ந்தது. 1924இல் வந்த பெருவெள்ளம் இரயில் பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. கொல்லம் ஆண்டு 1099இல் வந்ததால் அதைத் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று மலையில் இன்றும் சொல்வார்கள். பின்னர் லாரி வந்தது, ஜீப்பு வந்தது. மாடு, நீராவி, டீசல் என்று மாறிய மலை மின்சாரத்துக்கும் மாறும். அதில் எனக்கு ஐயமில்லை.

'பூதம் நெய்வேலிக்குக் குடிமாறியது' என்ற தோழியின் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. கேரளத்தில் நிலக்கரி மின்நிலையம் இல்லை. தன் தேவையில் பெரும்பகுதியைக் கேரளம் வெளியிலிருந்து வாங்குகிறது. அப்படி வாங்குவதில் நெய்வேலி, தால்ச்சேர் போன்ற இடங்களில் கரி எரித்து எடுத்த மின்சாரமும் உண்டு. 2025ஆம் ஆண்டின் நடுவில் இந்தியாவின் மின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரி, எரிவாயு அல்லாத வழிகளுக்கு வந்துவிட்டது. ஆயினும் உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் கரியால் ஆனதே. ஆனால் மறுபாதி உண்மையைத் தோழி சொல்லவில்லை. பெட்ரோல் எஞ்சினில் எரியும் எண்ணெயின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெப்பமாக வீணாகிறது. மின்மோட்டாரோ தான் பெற்றதில் மிகப்பெரும் பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுகிறது. மேலும், பழைய பெட்ரோல் வண்டி ஆண்டுக்கு ஆண்டு அழுக்காகும். மின்கம்பியில் வரும் மின்சாரம் தூயதாகத் தூயதாக, மின்வண்டியும் தானே தூயதாகும். ஆதலால் இந்த இடத்தில் என் வாக்கு ஒட்டிப் பேசியவர்களுக்கே.

ஆனால் ஒட்டிப் பேசியவர்கள் ஒரு சிக்கலை மறைத்துவிட்டார்கள். சூரியன் மாலை ஆறு மணிக்கு வேலையை முடித்துக்கொண்டு போய்விடுகிறான். நம் வீடுகளில் விளக்கும் விசிறியும் குளிர்சாதனமும் விழித்தெழுவது அதற்குப் பிறகுதான். அலுவலகத்திலிருந்து வந்தவர் வண்டியையும் அப்போதே மின்னேற்றத்துக்குச் செருகுகிறார். 2024 மே மாதக் கடும் வெயிலில் கேரளத்தின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. அந்த உச்சம் வந்தது நண்பகலில் அன்று, இரவில்! மாலை நேரத்தில் வண்டிகளுக்கு மின்னேற்ற வேண்டா என்று மின்வாரியம் மக்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. பகலில் சோறு மிஞ்சுகிறது. இரவில் பசி வருகிறது. அப்படியானால் பகல் சோற்றை இரவுக்கு எடுத்து வைக்கும் பானை எங்கே?

அந்தப் பானை எங்கள் மலைகளில்தான் இருக்கிறது. குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் இடையே ஏறத்தாழ 169 மீட்டர் உயரத்துக்கு வில்லாக வளைந்து நிற்கும் இடுக்கி அணையை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 1976இல் இயங்கத் தொடங்கிய அதன் மின்நிலையம் மூலமற்றத்தில் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. திறன் 780 மெகாவாட். பகலில் சூரியன் உழைக்கும்போது மின்நிலையத்துக்குப் போகும் நீரை நிறுத்திச் சேமிக்கலாம், இரவில் திறந்துவிடலாம். இதைவிட ஒரு படி மேலே போனது நம் ஆனைமலையில் உள்ள காடம்பாறை. பாலக்காட்டு எல்லையிலிருந்து தொலைவில்லை. அங்கே 400 மெகாவாட் திறனுள்ள நிலையம் 1980களின் பிற்பகுதியிலிருந்து இயங்குகிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாற்று நீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றுகிறது. தேவைப்படும் நேரத்தில் அதே நீரை இறக்கி மின்சாரம் எடுக்கிறது. மலையே மின்கலம்! வெயிலும் மலையும் கைகோத்தால்தான் சூரிய மின்சாரம் இரவிலும் விளக்கேற்றும்.

'அப்படியானால் இன்னும் பத்து அணை கட்டுவோம்' என்று யாரும் துள்ளிக் குதிக்க வேண்டா. பாலக்காட்டு மாவட்டத்திலேயே அதற்கு விடை இருக்கிறது. குந்திப்புழையின் குறுக்கே அமைதிப் பள்ளத்தாக்கில் ஓர் அணை கட்டி 120 மெகாவாட் எடுக்கத் திட்டமிட்டார்கள். அந்த மழைக்காட்டையும் அதில் வாழும் சிங்கவால் குரங்கையும் காக்க ஆசிரியர்களும் கவிஞர்களும் அறிவியலாளர்களும் எழுந்தார்கள். கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்து ஊர் ஊராகச் சென்று கணக்குக் காட்டி வாதிட்டது. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாயிற்று. புகை இல்லாத மின்சாரம் என்பதாலேயே அது விலையில்லாத மின்சாரம் ஆகிவிடாது. நீர்மின்சாரம் காட்டையும் குடியையும் கேட்கும். சூரியத்தகடு நிலத்தைக் கேட்கும். மின்கலம் எங்கோ ஒரு சுரங்கத்தில் ஏழைத் தொழிலாளியின் உழைப்பைக் கேட்கும். விலை உண்டு என்று அறிந்து, அதை யார் தலையில் கட்டுகிறோம் என்று பார்த்து நடப்பதே அறிவுடைமை.

என் அறைத்தோழன் கொழிஞ்சாம்பாறைக்காரன். சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடியானவர் வீட்டுப் பிள்ளை. எங்கள் ஊரில் நீர் மிகுதி, வெயில் குறைவு. அவன் ஊரில் வெயில் மிகுதி, நீர் குறைவு. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் சித்தூர்ப்புழைக்கு வர வேண்டும். அது வருமா வராதா என்று மேற்கு வானத்தையும் கிழக்கு அணையையும் மாறிமாறிப் பார்க்கும் ஊர் அது. ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரே அங்கே உயிர்நாடி. 2019இல் தொடங்கிய 'பி.எம். குசும்' திட்டத்தில் சூரிய மோட்டார் போடலாமா என்று அவன் தந்தை கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். பயிருக்கு நீர் பகலில் பாய்ச்சினால் போதும். சூரியனும் பகலில்தான் உழைக்கிறான். இதைவிடப் பொருத்தமான இணை வேறு உண்டா? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் கணக்குப் போட முடிகிறது, ஏனெனில் நிலம் அவருடையது. என் தாயால் அந்தக் கணக்கைத் தொடங்கவே முடியாது. இருவரும் தமிழர், இருவரும் உழைப்பாளிகள், இருவர் தலைமேலும் ஒரே சூரியன். வேறுபாடு பட்டாவில் இருக்கிறது.

இனி மின்சார வண்டிக்கு வருவோம். சொற்போர் மேடையில் 'வண்டி' என்றதும் ஆறு பேருக்கும் கார்தான் நினைவுக்கு வந்தது. எனக்கு வேறொரு வண்டி நினைவுக்கு வந்தது. தேனி மாவட்டத்துப் போடி, கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து நாள்தோறும் விடியற்காலையில் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்கு வருகிறார்கள். டீசல் புகையைச் சுவாசித்துக்கொண்டே மலையேறுகிறார்கள், மாலையில் இறங்குகிறார்கள். பகலெல்லாம் அந்த ஜீப்பு என்ன செய்கிறது? தோட்டத்து ஓரத்தில் வெயிலில் சும்மா நிற்கிறது! சூரியன் நன்றாகக் காயும் அதே நேரம்! அங்கே ஒரு தகட்டுப் பந்தல் இருந்து, ஜீப்பு மின்சார ஜீப்பாகவும் இருந்தால், பெண்கள் வேலை முடித்து வருவதற்குள் வண்டி மின்னேற்றம் பெற்றுவிடும். இறங்கும்போது தடை போடும் ஆற்றலில் ஒரு பகுதியை மோட்டாரே மின்சாரமாக்கிக் கலத்துக்குத் திருப்பித் தரும். இரவு உச்சத்தைத் தொடவே வேண்டியதில்லை. 2025 ஜூனில் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் மின்பேருந்துகளை ஓட்டத் தொடங்கிற்று. திருவனந்தபுரத்திலும் அவை ஓடுகின்றன. நகரத்துக்கு வந்தது மலைக்கு ஏன் வரக்கூடாது? ஒரு செல்வர் வீட்டு இரண்டாவது கார் மின்காராவதைவிட, இருபது பெண்களைச் சுமக்கும் வண்டி மின்வண்டியாவதே நாட்டுக்குப் பெரும்பயன் என்பேன்.

இது வசதியைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. உயிரைப் பற்றிய பேச்சு. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்தது. எழுபது பேர் மாண்டார்கள். எல்லாரும் எங்களைப் போன்ற தோட்டக் குடும்பத்தார். பெருமழையில் மின்சாரமும் தொலைபேசியும் முன்னரே அற்றுப்போயிருந்தமையால், செய்தி வெளியுலகை எட்டியது மறுநாள் காலையில்தான். ஓர் இரவு முழுதும் மண்ணுக்கடியில் கிடந்தவர்களுக்காக ஒரு தொலைபேசி மணி ஒலிக்கவில்லை. ஆகஸ்டு மழையில் சூரியத்தகடு பெரிதாக உதவாது; அதை நான் அறிவேன். ஆனால் மழைக்காலத்தில்தான் ஓடையில் நீர் பெருகுகிறது. அதே காலத்தில்தான் இராமக்கல்மேட்டிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று வீசுகிறது. வெயில் ஒளியும் மாதங்களில் நீரும் காற்றும் வேலைக்கு வருகின்றன. ஊரிலேயே பிறக்கும் சிறிது மின்சாரமும், அதைக் காத்துவைக்கும் மின்கலமும் ஒரு தொலைபேசிக் கோபுரத்தையாவது விழித்திருக்கச் செய்யும். மலைக்கு அந்த விழிப்பு வேண்டும்.

'குறை சொல்லிவிட்டாய், வழி என்ன?' என்று கேட்பீர்கள். வழி உண்டு, பாலக்காட்டிலேயே உண்டு. அம்மாவட்டத்து மீன்வல்லத்தில் 2014 முதல் 3 மெகாவாட் நீர்மின் நிலையம் ஒன்று இயங்குகிறது. அதன் உரிமையாளர் பெருமுதலாளி அல்லர், மாவட்டப் பஞ்சாயத்து! மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் ஒரு மின்நிலையத்துக்குச் சொந்தக்காரர் ஆகலாம் என்றால், தோட்டத் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கமும் ஒரு சூரியப் பந்தலுக்குச் சொந்தக்காரர் ஆகலாமன்றோ? தகடு ஒரு பள்ளிக் கட்டடத்தின் மேல் இருக்கட்டும். அதன் மின்சாரத்தை நூறு லயத்து வீடுகளின் கட்டணத்தில் பங்கிட்டுக் கழிக்கட்டும். இது கனவன்று. தகடு ஓரிடத்திலும் கணக்குப் பல வீடுகளிலும் இருக்க வகைசெய்யும் நெறிகளைத் தில்லியின் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019இலேயே வகுத்தது. இந்த முறையில் தொழிலாளி லயத்தை விட்டு இறங்கினாலும் அவர் பங்கு அவரோடு போகும். கூரை இல்லாதவருக்கும் சூரியனில் பங்கு கிடைக்கும். நம் மலைகளுக்கு வேண்டியது இதுவே. நிலமும் வீடும் கேட்கும் போராட்டம் தன் வழியே நடக்கட்டும். அது முடியும்வரை மின்சாரம் காத்திருக்க வேண்டியதில்லை.

நண்பர்களே, நம் பங்கு என்ன? நம்மில் பொறியியல் படிப்பவர் உண்டு. சட்டம் படிப்பவர் உண்டு. பொருளியல் படிப்பவர் உண்டு. எல்லைப்புறத் தமிழ் ஊர்களுக்கு இத்திட்டங்களின் விண்ணப்பமும் விதியும் தமிழில் எளிதாய்ப் போய்ச் சேருவதில்லை. ஒரு விடுமுறையில் நாம் பத்துப் பேர் கூடி, மின்கட்டணச் சீட்டைப் படிப்பது எப்படி, மானியம் யாருக்கு, கூட்டுறவாகச் சேர்வது எவ்வாறு என்று ஒரு சிறு நூல் எழுதித் தரலாம். நம் மன்றம் அதை வெளியிடலாம். ஒரு சொற்போருக்கு ஆகும் உழைப்பில் பாதிகூட அதற்குத் தேவைப்படாது.

அடுத்த சொற்போருக்குத் தலைப்பும் நானே தருகிறேன்: 'கூரையில்லாதவனுக்கும் சூரியனில் பங்கு உண்டா?' ஒட்டிப் பேச நான் வருகிறேன். வெட்டிப் பேச யாரேனும் முன்வந்தால் மகிழ்வேன். அப்போதுதான் என் தாய்க்குச் சொல்ல வேண்டிய மறுமொழி இன்னும் தெளிவாகும். அம்மா இன்னும் அதற்காகக் காத்திருக்கிறார்.